பீங்கானின் தோலில் ஓர் இரைச்சல்

மேசைமேல் சும்மா கிடக்கும் ஒரு மின்தடையத்தின் இரு முனைகளையும் நல்ல பெருக்கி ஒன்றில் இணைத்துப் பார்த்தால், மின்னழுத்தம் ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பது தெரியும். பேட்டரி கிடையாது, மின்னோட்டம் கிடையாது, ஆனாலும் துடிப்பு உண்டு. உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைக்கழிகின்றன, அவ்வளவுதான். இதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹாரி நைக்விஸ்ட். இருவருமே சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். இருவர் கட்டுரைகளும் 1928 ஜூலையில் ஒரே இதழில் வெளியாயின. அவர்கள் கண்ட விதி எளிது. வெப்பநிலை கூடினால் இரைச்சல் கூடும், மின்தடை கூடினாலும் கூடும். பொருள் எது என்பது பொருட்டே இல்லை. அறை வெப்பத்தில் இருக்கும் 1,000 ஓம் தடை, 10,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 0.4 மைக்ரோவோல்ட் இரைச்சல் எழுப்பும். அது கரித்துண்டாக இருந்தாலும் சரி, குழாயில் அடைத்த உப்புக்கரைசலாக இருந்தாலும் சரி.

இந்த விதியோடு மீக்கடத்திக்கு வருவோம். 1911-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸின் ஆய்வகம் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினை ஒட்டி அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. தடை சுழியானால் ஜான்சன் இரைச்சலும் சுழி. உலகில் மௌனமான கம்பி ஒன்று உண்டென்றால் அது மீக்கடத்தியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பி மௌனமாக இருக்கிறதா என்று கேட்டறிய, சாதாரண உலோகக் கம்பி ஒன்றை அதன்மேல் ஒட்டியாக வேண்டுமே. அளக்கும் கருவி அறை வெப்பத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் செம்புக்கம்பி எங்கோ ஓரிடத்தில் மீக்கடத்தியைத் தொடுகிறது. ஈயம், வெள்ளீயம் போன்ற பழைய உலோக மீக்கடத்திகளில் அந்தத் தொடுமுனை பெரிய தலைவலியாக இருந்ததில்லை. பீங்கான் மீக்கடத்திகள் வந்த பிறகுதான் அது தனி ஆராய்ச்சியாயிற்று.

அந்தப் பீங்கான்கள் வந்த வேகம் இன்றும் வியப்பூட்டுவது. ஸூரிக் அருகே ரூஷ்லிகோனில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் கியோர்க் பெட்னோர்ட்ஸும் அலெக்ஸ் முல்லரும் 1986-ல் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த ஒரு பொருளில் 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தலின் அறிகுறியைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. 1987-ன் தொடக்கத்தில் அலபாமாவில் மாவ்-குவென் வூவும் ஹூஸ்டனில் பால் சூவும் தத்தம் குழுவினரோடு லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தை இட்டு, 93 கெல்வினைத் தொட்டார்கள். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். விலை உயர்ந்த ஹீலியம் இனி வேண்டாம், மலிவான நைட்ரஜன் போதும். செய்முறையும் எளிது. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் உரலில் அரைத்து, உலையில் 900 டிகிரிக்கு மேல் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி மீண்டும் சுட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்ல ஆறவிட்டால் கறுப்பு வில்லை தயார். ஓரளவு வசதியுள்ள கல்லூரி ஆய்வகமே செய்துவிடலாம். உலகெங்கும் செய்தார்கள்.

பிறகு அதில் கம்பி ஒட்டினார்கள். சிக்கல் அங்கே தொடங்கியது.

சாதாரணப் பற்றாசு பீங்கானில் ஒட்டாது. சிலர் வெள்ளிப் பசையைத் தடவினார்கள். சிலர் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத்தை வைத்து அழுத்தினார்கள். மின்னோட்டம் போயிற்று, ஆனால் தாராளமாகப் போகவில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் இண்டியம் வைத்து ஒட்டினால் ஓர் ஓம் அளவுக்குத் தடை நிற்பது வழக்கம். ஓர் ஓம் என்றால் அற்பம் என்று தோன்றும். அதன் வழியே ஓர் ஆம்பியர் அனுப்பினால் அந்தப் பொட்டில் ஒரு வாட் வெப்பம் பிறக்கும். தடையே இல்லாத பொருளுக்குள் நுழையும் இடத்தில் நைட்ரஜன் கொதித்துக் குமிழியிடும். கூடவே இரைச்சல். 77 கெல்வினில் ஓர் ஓம் தடை ஜான்சன் விதிப்படி ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 65 பைக்கோவோல்ட்தான் எழுப்ப வேண்டும். ஒரு வோல்ட்டை லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் துளி ஒரு பைக்கோவோல்ட். ஆனால் மின்னோட்டம் செலுத்தியவுடன் வந்த இரைச்சல் அதைப் பல மடங்கு விஞ்சியது. அதன் குணமும் வேறு. ஜான்சன் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் சமமாக இருக்கும். இதுவோ அதிர்வெண் குறையக் குறைய வளர்ந்துகொண்டே போனது. இதற்கு 1/எஃப் இரைச்சல் என்று பெயர். எஃப் என்பது அதிர்வெண். வெற்றிடக் குழாய்களில் இதை 1925-லேயே பார்த்துக் குறித்து வைத்தவரும் அதே ஜான்சன்தான்.

1988 வாக்கில் வெளியான அளவீடுகள் இந்தப் பீங்கான்களின் 1/எஃப் இரைச்சல் வழக்கமான உலோகங்களைவிடக் கோடி மடங்கு என்ற கணக்கில் அதிகம் என்றன. சிலருக்கு அது புதிய இயற்பியலின் வாசனையாகப் பட்டது. அந்தக் காலக் கட்டுரைகளில் கணிசமானவை பீங்கானைப் பற்றி அல்லாமல் பீங்கானின் அழுக்கைப் பற்றிப் பேசின என்பது என் கணிப்பு. பிற்பாடு நல்ல மெல்லேடுகளை வளர்க்கக் கற்றதும் அந்த இரைச்சல் பெருமளவு இறங்கியது என்பதே அதற்குச் சாட்சி.

எது வில்லையின் இரைச்சல், எது தொடுமுனையின் இரைச்சல் என்று பிரிப்பது எப்படி? வழக்கமான வழி நான்கு கம்பி முறை. வெளி இரண்டு கம்பிகளில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்த அளவு. உள் கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லை என்பதால் அவற்றின் தொடுதடை கணக்கில் வராது. தடையை அளக்க இது அருமையான வழி. இரைச்சலை அளக்கப் போனால் அவ்வளவு சுத்தமில்லை. மின்னோட்டம் நுழையும் தொடுமுனை துடித்தால் மின்னோட்டமே துடிக்கும். அதைத் தடுக்க, தொடுதடையைவிடப் பன்மடங்கு பெரிய தடை ஒன்றை மின்னோட்ட வழியில் வைப்பார்கள். அப்போதும், மின்னோட்டம் வில்லைக்குள் எந்தப் படிக மணியிலிருந்து எந்த மணிக்குப் பாய்கிறது என்ற பாதை சற்று இடம் மாறலாம், அந்த மாற்றம் உள் கம்பிகளுக்கும் தெரியும். நைட்ரஜனின் குமிழிகள் தொந்தரவு வேறு. மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையில் தடை செங்குத்தாக விழுவதால், அங்கே வெப்பநிலை ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி அசைந்தாலும் மின்னழுத்தம் துள்ளும்.

உண்மையில் பிரித்துக் காட்டும் வேலையைப் பீங்கானே செய்துகொடுக்கிறது. மீக்கடத்தல் தொடங்கும் அந்த மாறுநிலை வெப்பத்துக்குக் கீழே போனதும் வில்லையின் உடல் வாய் மூடிக்கொள்கிறது. இரண்டே கம்பிகளை வைத்து அப்போது அளந்தால், மிஞ்சியிருக்கும் இரைச்சல் முழுவதும் தொடுமுனைகளுடையது. சாதாரண உலோகத்திலோ குறைக்கடத்தியிலோ கிடைக்காத வசதி இது.

தொடுமுனையில் அப்படி என்னதான் கோளாறு? இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்தன. முதலாவது வேதியியல். இந்தப் பீங்கானின் உயிர் ஆக்சிஜனில் இருக்கிறது. ஒரு இட்ரியம், இரண்டு பேரியம், மூன்று செம்பு, ஏழுக்குச் சற்றுக் குறைவான ஆக்சிஜன் என்ற விகிதத்தில்தான் அது 90 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தி. ஆக்சிஜன் ஆறரையை ஒட்டி வந்தால் 60 கெல்வின். ஆறுக்கு இறங்கினால் மீக்கடத்தலே கிடையாது, அது ஒரு மின்காப்பு. பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் எளிதில் வெளியேறிவிடும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் பேரியத்தைப் பிடித்துக்கொண்டு பேரியம் கார்பனேட்டாக்கும். இண்டியத்தை வைத்தால் அது தானே ஆக்சிஜனை உறிஞ்சித் தன் ஆக்சைடாக மாறிக்கொள்ளும். ஆக, கம்பியும் பீங்கானும் நேருக்கு நேர் தொடுவதே இல்லை. நடுவில் மின்சாரம் அரைகுறையாகக் கடக்கும் ஒரு செத்த தோல்.

இரண்டாவது காரணம் இயற்பியல், எனக்கு அதிக வியப்பூட்டுவதும் அதுதான். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. அந்த இணைநிலை எவ்வளவு தொலைவுக்குள் மாற முடியும் என்பதற்கு ஒவ்வொரு பொருளிலும் ஓர் அளவு உண்டு. அலுமினியத்தில் அது சுமார் 1,600 நானோமீட்டர். ஈயத்தில் 83. நையோபியத்தில் 38. இட்ரியம் பீங்கானில், காப்பர் ஆக்சைடு தளங்களுக்குச் செங்குத்தான திசையில், அரை நானோமீட்டர்கூட இல்லை. படிகத்தின் ஒரு கட்டமே அந்தத் திசையில் 1.17 நானோமீட்டர் உயரம். அலுமினியத்தின் மேல் நான்கு அணு தடிமனுக்குப் பழுது இருந்தால் உள்ளே இருக்கும் இணைகளுக்கு அது தெரியவே தெரியாது. பீங்கானில் அதே நான்கு அணு ஒரு முழுச் சுவர். மாறுநிலை வெப்பத்தை இவ்வளவு உயர்த்திக் கொடுக்கும் இறுக்கமான இணைப்புத்தான் தொலைவைச் சுருக்கி இந்தச் சங்கடத்தையும் தருகிறது. ஒன்றை வேண்டி மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

தோலை வெல்லும் வழியை 1988-ல் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள அமெரிக்க அரசின் தர அளவைக் கழகத்தில் ஜாக் எக்கினும் கூட்டாளிகளும் காட்டினார்கள். பரப்பைச் சுத்தம் செய்த கையோடு, காற்றுப் படுவதற்குள், வெள்ளியையோ தங்கத்தையோ அதன்மேல் மெல்லேடாகப் படியவைத்தார்கள். இரண்டும் ஆக்சிஜனை அபகரிக்காத உலோகங்கள். பிறகு ஆக்சிஜன் சூழலில் சூடேற்றினார்கள். சூடான வெள்ளி ஆக்சிஜனை உள்ளே ஊடுருவ விடும். இழந்த ஆக்சிஜன் பீங்கானுக்குத் திரும்பக் கிடைத்தது. தொடுதடை இண்டியத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் இறங்கியது. இன்னொரு சின்னச் செய்தி அந்த வேலையில் இருக்கிறது. குளிர்வித்தபோது இண்டியம் தொடுமுனையின் தடை ஏறியது, வெள்ளித் தொடுமுனையின் தடை இறங்கியது. ஏறுவது குறைக்கடத்தியின் குணம், இறங்குவது உலோகத்தின் குணம். நடுவே தோல் இருக்கிறதா இல்லையா என்பதை வெறும் வெப்பநிலையே காட்டிக்கொடுத்துவிட்டது. இன்று விற்கப்படும் இட்ரியம் வகை மீக்கடத்து நாடாக்களிலும் பீங்கான் ஏட்டின்மேல் முதலில் போர்த்துவது ஓரிரு மைக்ரோமீட்டர் வெள்ளியைத்தான். செம்பு அதற்கு மேலே.

தடை இறங்கியதும் இரைச்சலும் இறங்கியது. ஏன் என்று பார்க்க, தொடுமுனையை உருப்பெருக்கிக்குள் வைப்பதுபோல நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் மூன்றாவது சுவீடன்காரர் ராக்னர் ஹோல்ம் மின் தொடுமுனைகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். இரண்டு பரப்புகள் கண்ணுக்கு ஒட்டியிருந்தாலும் மெய்யாகத் தொடுவது சில புள்ளிகளில்தான், மின்னோட்டம் அந்தப் புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துப் பாய்கிறது என்று காட்டினார். ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஹூகே 1969-ல் இதற்கு ஓர் இரைச்சல் கணக்கைச் சேர்த்தார். மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் எவ்வளவு குறைவோ, 1/எஃப் இரைச்சலின் பங்கு அவ்வளவு அதிகம். அவர் கொடுத்த மாறிலி எல்லாப் பொருளுக்கும் பொருந்தவில்லை என்பது பிறகு தெரிந்தது, ஆனால் சிறுபான்மை சத்தம் போடும் என்ற சாரம் நின்றது. வில்லையின் உடலில் எண்ணற்ற எலக்ட்ரான்கள் மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தொடுபுள்ளியிலோ கொஞ்சம்.

அந்தச் செத்த தோலுக்குள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பழுதுகளும் உண்டு. ஒரு பழுது ஓர் எலக்ட்ரானைப் பிடித்தால் சுற்றியுள்ள மின்புலம் மாறும், அருகே கடக்கும் மின்னோட்டம் குறையும். விட்டால் பழையபடி கூடும். ஒரே பழுதைத் தனியாகப் பார்த்தால் மின்னோட்டம் இரண்டே நிலைகளுக்கு இடையில் மாறி மாறித் தாவும். 1984-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ், பூர்மன் இருவரும் மிகச் சிறிய உலோகச் சந்தியொன்றைக் குளிர்வித்து இந்தத் தாவலை ஒவ்வொன்றாகவே பார்த்தார்கள். ஒரு பழுது மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாறும், இன்னொன்று நிமிடத்துக்கு ஒருமுறை, வேறொன்று மணிக்கணக்கில். இத்தனை வேகங்களையும் கூட்டினால் கிடைப்பது அந்த 1/எஃப் வடிவமே. எனவே தொடுமுனையின் இரைச்சலைப் பதிவு செய்வது, பார்க்க முடியாத அந்தத் தோலில் எத்தனை பழுதுகள், எந்த வேகத்தில் என்று கணக்கெடுப்பதற்குச் சமம். தொடுதடை சொல்வது ஒரே ஓர் எண். இரைச்சல் சொல்வது ஒரு முழு வரைபடம்.

தோல் நீங்கிச் சுத்தமான தொடுமுனை கிடைத்துவிட்டால் இரைச்சல் ஓய்ந்துவிடுமா? ஓயாது. அப்போதுதான் வேறொரு இரைச்சல் கேட்கத் தொடங்கும். ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி 1918-ல் எழுதிவைத்தது அது. மின்னோட்டம் தொடர்ந்த ஒழுக்கில்லை, எலக்ட்ரான் என்ற தனித்தனிப் பொட்டுகள். அவை ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் கண்டபடி வந்து தடுப்பைக் கடக்கும்போது எண்ணிக்கை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு பொட்டும் சுமக்கும் மின்னூட்டத்தின் அளவைப் பொறுத்தது.

கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணுகிறோம் என்று வையுங்கள். சராசரி 16 பேர். எல்லோரும் தனித்தனியே வந்தால் ஒரு நிமிடத்துக்கும் அடுத்த நிமிடத்துக்கும் எண்ணிக்கை சுமார் 4 ஏறி இறங்கும். எல்லோரும் தம்பதியாக வந்தால் சராசரி அதே 16, ஆனால் ஏற்ற இறக்கம் ஐந்தரையைத் தாண்டும். அதன் வர்க்கத்தைப் பார்த்தால் 16 என்பது 32 ஆகியிருக்கும், சரியாக இரு மடங்கு. உள்ளே எட்டிப் பார்க்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், எண்ணிக்கையின் துடிப்பை வைத்தே விருந்தினர் ஜோடியாக வருகிறார்களா என்று சொல்லிவிடலாம்.

மாஸ்கோவில் அலெக்ஸாண்டர் ஆந்திரேயெவ் 1964-ல் கண்டுகொண்டது இந்த வாசலில் நடப்பதைத்தான். சாதாரண உலோகத்திலிருந்து வரும் ஒற்றை எலக்ட்ரானுக்கு மீக்கடத்திக்குள் இடமில்லை. உள்ளே எல்லாம் இணைகள். ஆகவே அது இன்னொரு எலக்ட்ரானையும் சேர்த்துக்கொண்டு இணையாக நுழைகிறது. சேர்த்துக்கொண்ட எலக்ட்ரான் இருந்த இடம் ஒரு வெற்றுத் துளையாக, வந்த வழியே திரும்பிப் போகிறது. ஒருமுறை கடக்கும்போது இரண்டு எலக்ட்ரான்களின் மின்னூட்டம். ஷாட்கி இரைச்சலும் இரட்டிக்க வேண்டும். கேட்க எளிது, ஆனால் 1/எஃப் இரைச்சலின் கீழிருந்து இதைப் பிரித்தெடுக்க நெடுங்காலம் ஆயிற்று. 2000-ஆம் ஆண்டில்தான் பிரான்ஸின் கிரெனோபிள் குழு நையோபியத்தையும் செம்பையும் இணைத்து அந்த இரு மடங்கைப் பளிச்சென்று காட்டியது.

பீங்கானில் இது இன்னும் கடினம். 77 கெல்வினில் வெப்பத் துடிப்பே ஷாட்கி இரைச்சலை மூழ்கடிக்கப் பார்க்கும் என்பதால், மீக்கடத்தலுக்கு நைட்ரஜன் போதுமானாலும் நுட்பமாகக் கேட்பதற்கு மேலும் குளிர் தேவைப்படுகிறது. இணைகளும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. படிகத்தின் சில திசைகளில் இணைப்பின் வலிமை சுழியாகிவிடுகிறது, எனவே உலோகத்தை எந்த முகத்தில் ஒட்டினோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். தோல் தொல்லை கூடவே இருக்கிறது.

அதனால் 2019-ல் நேச்சர் இதழில் வெளியான சோதனை உலோகத் தொடுமுனையையே கழற்றி எறிந்தது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இவான் போஜோவிச்சின் குழு லாந்தனம் வகைப் பீங்கானை அணு அடுக்கு அடுக்காக வளர்த்தது. கீழே ஸ்ட்ரான்ஷியம் கலந்த மீக்கடத்தும் ஏடு, நடுவே அதே பீங்கானின் ஸ்ட்ரான்ஷியம் கலக்காத மின்காப்பு ஏடு சுமார் 2 நானோமீட்டர், மேலே மறுபடி மீக்கடத்தும் ஏடு. காற்றுப் படாத, தோல் விழாத ஒரு சந்தி. டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் நாடெல்சன் குழு அதன் இரைச்சலைக் கேட்டது. மீக்கடத்து நிலையில் இணைகளின் அடையாளம் வருவது எதிர்பார்த்ததே. வியப்பு மேலே இருந்தது. மாறுநிலை வெப்பத்தைத் தாண்டிச் சூடேற்றி, எங்கும் மின்தடை திரும்பி, இரு ஏடுகளும் சாதாரணக் கடத்தியாகிவிட்ட பிறகும், இரைச்சல் ஒற்றை எலக்ட்ரான் கணக்குக்கு மேலேயே நின்றது. முழு இரு மடங்கு இல்லை, இடைப்பட்ட அளவு. தனியாகக் கடப்பவையும் இணையாகக் கடப்பவையும் கலந்திருக்கின்றன என்று அதை வாசித்தார்கள்.

பீங்கான்களில் இணைகள் முதலிலேயே உருவாகிவிடுகின்றன, அவை ஒரே தாளத்துக்கு வருவதுதான் தாமதம் என்று சொல்லிவந்த தரப்புக்கு இது வலு. மாறுநிலைக்கு மேல் நிகழ்வது முற்றிலும் வேறொரு ஒழுங்கு என்னும் தரப்பு அதற்காக வாதத்தை விட்டுவிடவில்லை. ஒன்றை மட்டும் இரு தரப்பும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பழுதுகளின் 1/எஃப் இரைச்சல் அதிர்வெண் ஏற ஏறத் தேய்ந்துவிடும், ஷாட்கி இரைச்சல் தேயாது. தடுப்புக்குள் பழுதுகளைப் படிக்கட்டாக்கித் தாவித் தாவிக் கடக்கும் எலக்ட்ரான்களோ பொதுவாக ஷாட்கி இரைச்சலைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.